கண்ணளவுக் கேக்கைப் பெரியவரிடமிருந்து கற்றுக்கொள்ளும் முறை

பல வருடங்களாகக் கேக் செய்யும் பாட்டியிடம் "எவ்வளவு மாவு?" என்று கேட்டால், "எல்லாம் கண்ணளவுதான்" என்பார். அது உண்மையும்கூட. மாவின் இளக்கத்தைப் பார்த்துத்தான் அவர் கூட்டுவதும் குறைப்பதும். அதனால் அளவைக் கேட்டு வாங்க முடியாது, எடை போட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

மைதா டப்பாவை அவர் எடுப்பதற்கு முன்னும் பின்னும் டிஜிட்டல் தராசில் வையுங்கள். வித்தியாசம்தான் அவருடைய அளவு. சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் இதே வழி. அவரையே அளந்து போடச் சொல்லாதீர்கள். கை தயங்கி அளவு மாறிவிடும். கப் கணக்கும் வேண்டாம். 240 மி.லி. கப்பில் மைதாவைக் கரண்டியால் தளர்வாக நிரப்பினால் சுமார் 120 கிராம், டப்பாவுக்குள் கப்பை விட்டு அமுக்கி எடுத்தால் 150 கிராம்கூட வரும். கேக் வறண்டுபோக இந்த வித்தியாசமே போதும்.

கிடைத்த அளவை ஒப்பிட ஓர் அடிப்படைக் கணக்கு: மைதா, வெண்ணெய், சர்க்கரை, ஓடு நீக்கிய முட்டை தலா 200 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. 20 செ.மீ. வட்டத் தட்டில், 170 டிகிரி செல்சியஸில் 40 முதல் 50 நிமிடம்.

பெரும்பாலான தோல்விகள் வெண்ணெயில்தான் தொடங்குகின்றன. விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக் கூடாது. சர்க்கரையோடு சேர்த்து, நிறம் வெளுக்கும்வரை பீட்டரில் நான்கைந்து நிமிடம் அடியுங்கள். கேக்குக்கு வேண்டிய காற்று இங்கேதான் உள்ளே போகிறது. பேக்கிங் பவுடர் அந்தக் குமிழ்களைப் பெரிதாக்குமே தவிர, புதிதாக உண்டாக்காது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை உடனே ஊற்றினால் வெண்ணெய் இறுகிக் கலவை திரிந்துபோகும். ஒரு கரண்டி மைதா போட்டால் ஓரளவு சேர்ந்துவிடும். மைதா போட்ட பிறகு, உலர்ந்த மாவு கண்ணில் படாத நிமிடத்தில் நிறுத்துங்கள். மேலும் கிளறினால் மைதாவிலுள்ள குளுட்டன் என்ற புரதம் இறுகி, ரப்பர் போன்ற கேக்கும் உள்ளே நீளத் துளைகளும்தான் மிஞ்சும்.

சரியாக வராத கேக்கைத் தூக்கிப் போடாதீர்கள். நடுவில் வெட்டி, வெட்டுமுகத்தைப் பெரியவரிடம் காட்டுங்கள். "நல்லா இருக்கா பாட்டி?" என்றால் ஆறுதல்தான் கிடைக்கும். "எங்கே தப்பாச்சு பாட்டி?" என்று கேளுங்கள். நடு அமுங்கியிருந்தால் வேகவில்லை, அல்லது பேக்கிங் பவுடர் கூடிவிட்டது, அல்லது ஓவன் கதவைச் சீக்கிரம் திறந்துவிட்டீர்கள். மேலே கூம்பி வெடித்திருந்தால் சூடு அதிகம். அடியில் ஈரமான கெட்டிப் படலம் இருந்தால் பெரும்பாலும் அடித்தது போதவில்லை, இல்லையென்றால் வேகவில்லை.

அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சூட்டையும் மாவையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது. எடை, நேரம், சூடு, பெரியவர் சொன்ன குறை எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

அவர் அடுப்பில் சரியாக வந்தது உங்கள் அடுப்பில் வராமலும் போகலாம். ஓவன் திருகில் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பல டிகிரி வேறுபடும். தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே வைத்து இரண்டு அடுப்பிலும் பார்த்துவிட்டு, அதன் பிறகு மாவில் கை வையுங்கள்.