தண்ணி நிக்குமா சார்? வீடு பார்க்கும்போது பொய்யைக் கண்டுபிடிப்பது எப்படி

சென்னையில் வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ தரைத்தள வீடு பார்க்கப் போய், "மழைக்குத் தண்ணி நிக்குமா?" என்று கேட்டால், "சொட்டு நிக்காது சார்" என்றுதான் பதில் வரும். அப்போது புரோக்கரின் கண்ணை ஆராய்ந்து பயனில்லை. பொய்யர் பார்வையைத் திருப்பிக்கொள்வார் என்று ஊர் உலகமெல்லாம் நம்புகிறது. ஆய்வுகளில் அது எடுபடவில்லை. பாண்ட், டிபாலோ என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உண்மையா பொய்யா என்று மக்கள் சரியாகக் கணித்தது சுமார் 54 சதவீதம்தான். காசைச் சுண்டிவிட்டாலே 50 கிடைத்துவிடும். பதற்றத்தையும் நம்பாதீர்கள். சந்தேகப்பட்டுக் கேட்டால் உண்மை பேசுகிறவருக்கும் நாக்கு குழறும்.

பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்கும் முறையை மாற்றுங்கள்.

அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். காம்பவுண்டு சுவரில் கறைக்கோடு, அடியில் உப்பிப்போன கதவு நிலை, சுவரின் கீழ்ப்பாதியில் மட்டும் புதுப் பெயின்ட், உயரத்துக்கு மாற்றிய ஈபி மீட்டர் என்று எதைப் பார்த்தாலும் வாயைத் திறக்க வேண்டாம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கறையை முதலில் காட்டினால், "அது பைப் லீக் சார்" என்று அதற்கேற்ற கதை உடனே தயாராகிவிடும்.

முதலில் பொதுவாகக் கேளுங்கள்: "2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அடிச்சப்ப இங்க எப்படி இருந்துச்சு?" குறுக்கே பேசாதீர்கள். பிறகு அவர் எதிர்பாராத சில்லறைக் கேள்விகள்: வண்டியை எங்கே நிறுத்தினீர்கள், கரண்ட் எப்போது வந்தது, சம்ப்பை யார் கழுவினார்கள்? பொய்க்கு ஒத்திகை பார்த்தவர் பெரிய கேள்விக்குத்தான் பதில் வைத்திருப்பார். அங்கேயே இருந்தவர், "காரைப் பாலத்து மேல ஏத்திட்டோம், மேல்வீட்டு அக்காகிட்ட கேளுங்க" என்பார். விசாரித்தால் தெரிந்துவிடும் விவரத்தைப் பொய் சொல்கிறவர் பெரும்பாலும் தவிர்ப்பார். ஆனால் புரோக்கருக்கு நிஜமாகவே தெரியாமலும் இருக்கலாம். அதனால் ஹவுஸ் ஓனரிடம் தனியாக இதே கேள்விகளைக் கேளுங்கள்.

எல்லாம் கேட்ட பிறகு கறையைக் காட்டுங்கள். சொன்னதற்கும் சுவருக்கும் பொருந்தவில்லை என்றால், அந்த முரண்பாடு எந்த முகக்குறியையும்விட வலுவானது. கையில் உள்ள ஆதாரத்தைக் கடைசிவரை காட்டாமல் வைத்திருப்பது, ஸ்வீடனில் கிரான்ஹாக், ஹார்ட்விக் என்ற உளவியலாளர்கள் போலீஸ் விசாரணைக்காக வளர்த்தெடுத்த உத்தி.

இன்னொரு வகையும் உண்டு: "வீட்டுக்குள்ள வரல." அது உண்மையாகவே இருக்கலாம். "தெருவுல?" என்று உடனே கேளுங்கள், முழங்கால் தண்ணீர் அங்கே நின்றிருக்கலாம்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவருக்கு இதில் கமிஷன் இல்லை.