சித்திரை வெயிலில் அடைமுட்டைகளைக் காத்த விதம்

உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்தில் சிறுவிடைக் கோழிகளை வளர்க்கிறேன். சென்ற சித்திரையில், பத்து நாட்களாகச் சேர்த்து இன்குபேட்டரில் வைத்த 30 முட்டைகளை ஏழாம் நாள் இரவு விளக்கொளியில் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் நரம்புகள் படராமல் ஒரு சிவப்பு வளையம் மட்டுமே தெரிந்தது. கரு தொடக்கத்திலேயே இறந்துவிட்டதன் அடையாளம் அது. சேவலைத்தான் எல்லோரும் குறை கூறினார்கள். ஆனால் கரு உருவாகியிருந்ததால், அதன் மீது பிழையில்லை.

பிழை நான் முட்டைகளை வைத்திருந்த ஓட்டு வீட்டின் வெக்கையில் இருந்தது. ஏறத்தாழ 21 டிகிரி செல்சியசைத் தாண்டினாலே கரு மெல்ல வளரத் தொடங்கிவிடும், அடைக்குரிய 37.5 டிகிரி சீராகக் கிடைக்காமல் அந்த வளர்ச்சி அரைகுறையாக நடந்தால் கரு வலுவிழந்து மடிந்துவிடும். சேமிப்புக்கு 15 முதல் 18 டிகிரி வரை உகந்தது. குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரியோ மிகையான குளிர்.

ஆகவே பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை இறக்கி, இடைவெளியில் ஆற்றுமணல் நிரப்பி, காலையும் மாலையும் மணலில் நீரூற்றி, காற்றோட்டமான நிழலில் வைத்தேன். உள்ளே 24 டிகிரிக்குக் கீழ் இறங்கவில்லை என்பதால், நான்கு நாட்களுக்கு மேல் எந்த முட்டையையும் காத்திருக்க விடுவதில்லை. நாளுக்கு மூன்று முறை முட்டைகளை எடுத்து, கழுவாமல், கூர்முனை கீழிருக்கும்படி உலர்ந்த உமியில் அடுக்குகிறேன். அடுத்த அடையில் 24 முட்டைகளுக்கு 18 குஞ்சுகள் பொரித்தன.