புது மெத்தையும் என் இடுப்பு வலியும்

பன்னெண்டு வருஷம் இலவம்பஞ்சு மெத்தையில படுத்தவன் நான், போன ஆடித் தள்ளுபடில ஆசைப்பட்டு 8 இஞ்ச் மெமரி ஃபோம் மெத்தை வாங்கிட்டேன். சுருட்டி டப்பாவுல வந்துச்சு, பிரிச்ச ராத்திரியே படுத்தாச்சு, அது முழுசா உப்ப ஒரு நாள் ரெண்டு நாள் விடணும்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. மொத ரெண்டு நாள் சொகம். மூணாம் நாள் காலைல இடுப்பு புடிச்சுக்கிச்சு, பல் தேய்க்கக் குனிய முடியல. அம்மா "பாய விரிச்சுப் படுடா, சரியாப் போகும்"னாங்க, அதையும் பண்ணேன், தோள் வலிச்சதுதான் மிச்சம்.

அப்புறம் மெத்தையத் தூக்கிப் பாத்தா கோளாறு கட்டில்ல. பழைய கட்டில், குறுக்குச் சட்டத்துக்கு நடுவுல அரை அடி இடைவெளி, மெத்தை அதுக்குள்ள தொய்ஞ்சு கெடக்கு. 12 எம்எம் ப்ளைவுட் வெட்டி வாங்கிப் போட்டேன் (காத்துப் போக நாலஞ்சு ஓட்டை போடச் சொன்னாரு ஆசாரி, நல்ல யோசனை). பாதி வலி அதுலயே போச்சு. இந்த ஃபோம் சூட்டுக்கு இளகுற சரக்கு வேற, மதுரை வெயிலுக்கு கேக்கவே வேணாம், ஜன்னலைத் தொறந்து ரூமை ஆறவிட்டுத்தான் படுப்பேன். மல்லாந்து படுத்தா முட்டிக்கு அடியில ஒரு தலகாணி, ஒருக்களிச்சா ரெண்டு முட்டிக்கும் நடுவுல. தலைக்கு ரெண்டு வெச்சிருந்தத ஒண்ணாக்கிட்டேன்.

உடம்பு பழக மூணு வாரம் ஆச்சு. எனக்கு வெறும் புடிப்புதான், கால் மரத்துப் போனா, வலி கீழ எறங்குனா மெத்தைய நோண்டிட்டு இருக்காம டாக்டரப் பாருங்க. பழைய இலவம்பஞ்ச தூக்கிப் போடலாம்னு பாத்தேன், மத்தியானத் தூக்கத்துக்கு அம்மா எடுத்துக்கிட்டாங்க.