ஒரே ஒரு நம்பரால் சர்வர் திணறுமா? பைத்தானில் செய்து பார்க்கலாம்

வேளச்சேரியில் தண்ணீர் கேன் போடும் கடை ஒன்றுக்கு ஃபிளாஸ்கில் (பைத்தானில் வலைத்தளம் எழுத உதவும் கருவி) ஆர்டர் பக்கம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'எத்தனை கேன்?' என்று ஒரு கட்டம். அதில் வருவதை இன்ட் ஃபங்க்‌ஷனிடம் கொடுத்து எண்ணாக மாற்றுவீர்கள். அங்கே ஒருவர் பத்து லட்சம் இலக்க எண்ணை அனுப்பினால்? அதை மாற்றுவதிலேயே சர்வர் திணறும். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2020-10735 என்று பதிவான பைத்தான் ஓட்டை இதுதான்.

முதலில் பைத்தான் 3.11 போட்டுக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய லேப்டாப் போதும். உங்கள் மெஷினில் மட்டும் செய்யுங்கள். அடுத்தவர் சர்வரை முடக்கினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் பாயும்.

பைத்தான் ஷெல்லை (கட்டளைகளைத் தட்டும் திரை) திறந்து '9' * 4300 என்று கொடுத்தால் 4300 ஒன்பதுகள் கொண்ட சரம் கிடைக்கும். அதை இன்ட்டிடம் கொடுங்கள், மாறிவிடும். 4301 ஆக்குங்கள், வேல்யூ எரர் வரும். 2022 செப்டம்பரில் 3.10.7, 3.9.14 போன்ற பதிப்புகளில் வந்த தடுப்பு இது. 3.11-இல் ஆரம்பத்திலிருந்தே உண்டு.

இப்போது தடுப்பை எடுத்துவிட்டுப் பார்ப்போம். சிஸ் மாட்யூலில் 'செட் இன்ட் மேக்ஸ் ஸ்டர் டிஜிட்ஸ்' (set_int_max_str_digits) என்ற ஃபங்க்‌ஷனுக்கு 0 கொடுத்தால் வரம்பு போய்விடும். அப்புறம் டைம் மாட்யூலை வைத்து ஒரு லட்சம், இரண்டு லட்சம், நான்கு லட்சம் இலக்கங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து பாருங்கள். இலக்கம் இரட்டிப்பாகும்போதெல்லாம் நேரம் சுமார் நான்கு மடங்காகும். ஒரு லட்சத்துக்கு 50 மில்லி செகண்ட் என்றால் பத்து லட்சத்துக்கு 5 செகண்ட். சர்வரில் ரிக்வெஸ்ட்களைக் கவனிக்கும் ஒர்க்கர் நான்கு ஓடினால், இப்படி நான்கு ரிக்வெஸ்ட் போதும். நிஜமாகவே கேன் கேட்பவர் காத்துக் கிடப்பார். (3.12-இல் பெரிய எண்களுக்கு வேகமான வழி வந்துவிட்டதால் அங்கே இவ்வளவு தெளிவாகத் தெரியாது.)

காரணம் எளிது. பத்தடிமான எண்ணை (நாம் வழக்கமாக எழுதுவது) கணினியின் இருமத்துக்கு மாற்ற, அதுவரை சேர்ந்த எண்ணைப் பெருக்கி அடுத்த இலக்கங்களைக் கூட்ட வேண்டும். சேர்ந்த எண் நீள நீள ஒவ்வொரு பெருக்கலும் கனக்கும். பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) இந்தத் தொல்லை இல்லை, இலக்கங்கள் நேராக பிட்களாகிவிடும்.

சரி, உங்கள் கோடில் என்ன செய்வது? இன்ட்டைக் கூப்பிடுவதற்கு முன் சரத்தின் நீளத்தைப் பாருங்கள். கேன் எண்ணிக்கைக்கு இரண்டு இலக்கம் தாராளம். பைத்தானின் வரம்பையே நம்பியிருப்பது சோம்பேறித்தனம் என்பேன். அந்த வேல்யூ எரரை நீங்கள் பிடிக்காவிட்டால் வாடிக்கையாளருக்கு '500' என்ற சர்வர் பிழைப் பக்கம்தான் தெரியும். ஜேசானில் (புரோகிராம்கள் தகவல் பரிமாறும் வடிவம்) வரும் எண்ணுக்கும் இதே கதைதான்.

எதிர்த் திசையையும், அதாவது எண்ணைச் சரமாக்குவதையும் சோதியுங்கள். வரம்பு திரும்ப வர ஷெல்லை மூடித் திறந்து 10 ** 5000 கணக்கிட்டு ஒரு மாறியில் வையுங்கள், எதுவும் சொல்லாது. அதை பிரிண்ட் செய்யுங்கள், அதே எரர். லாக் எழுதும் வரியிலும் இது வெடிக்கலாம்.