தங்க வாட்டில் வளர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் தேசிய மலராக 1988 செப்டம்பர் 1 அன்று அறிவிக்கப்பட்டது தங்க வாட்டில் (அகாசியா பிக்னாந்தா). நாட்டின் தென்கிழக்கில் இயல்பாக வளரும் இந்தப் பெரும் புதர் 3 முதல் 8 மீட்டர் வரை உயரும். குளிர் முடியும்போது மஞ்சள் பந்துகளாகப் பூத்துத் தள்ளும். வறண்ட மண்ணையும் தாங்கும் என்பதால் எப்படி நட்டாலும் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நிழலில் வைப்பது, நீர் தேங்க விடுவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடலாம்.

விதையை நேரே மண்ணில் போடுவது

விதைத்தோல் நீர் புகாத அளவுக்குக் கெட்டி. காட்டில் தீயின் சூடுதான் அதை இளக்குகிறது. கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி விதைமேல் ஊற்றுங்கள். ஆறியபின் இரவு முழுக்க ஊறட்டும். உப்பியவற்றை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்கலாம், உப்பாதவற்றுக்கு மறுபடி வெந்நீர். அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிட்டால் விதை வெந்துபோகும்.

களை என்று பிடுங்குவது

முளைத்த நாற்றில் முதலில் வருவது புளிய இலைபோலச் சிறகுச் சிற்றிலை. பிறகுதான் இலைக்காம்பு தட்டையாகி, நாம் 'இலை' என்று பார்க்கும் ஃபில்லோடாகிறது. அதுவரை வேறு ஏதோ செடி என்று கைவைக்காதீர்கள்.

பெரிய செடியாகப் பார்த்து வாங்குவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். நர்சரியில் முழங்கால் உயர நாற்றை ஒதுக்கிவிட்டு, தோளுயரச் செடியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நட்ட அன்று தோட்டம் நிறைந்ததுபோல இருக்கும். இரண்டு மூன்று வருஷத்தில் மழையோடு பெருங்காற்று அடிக்கும்; பூக்கிற செடி அடியோடு சாய்ந்து கிடக்கும். தோண்டிப் பார்த்தால் வேர் இன்னும் தொட்டியின் வடிவத்திலேயே சுற்றிக் கிடக்கும்.

வாட்டில் முதலில் ஆணிவேரைத்தான் வேகமாக இறக்கும். தொட்டியின் அடி தடுத்ததும் அது வளைந்து சுற்றத் தொடங்கும். நிலத்துக்கு மாற்றிய பிறகும் அந்தச் சுருள் நிமிராது, வளைந்தபடியே தடிக்கும். மேலே தழை மட்டும் மளமளவென்று கனக்கும், பிடிமானம் இருக்காது. சுருண்ட வேரை வெட்டிச் சரிசெய்யலாம் என்பதும் வீண். வேரைக் கலைத்தால் வாட்டில் பெரும்பாலும் தாங்காது. போவது செடியின் விலை மட்டுமல்ல, அந்த இரண்டு மூன்று வருஷமும்தான்.

15 முதல் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள, குறுகலான ஆழக் குழாய்த் தொட்டியில் வளர்ந்த நாற்றே போதும். தொட்டியைத் தூக்கி அடி ஓட்டையைப் பாருங்கள். வேர் கொத்தாக வெளியே வந்திருந்தால் வேண்டாம். குழி தொட்டியைவிட இரு மடங்கு அகலம், ஆழம் தொட்டியளவே. தென் ஆஸ்திரேலியாவில் ஏப்ரல், மே மாதங்களில் மழை தொடங்கியதும் நட்டால் கோடைக்குள் வேர் இறங்கிவிடும். ஊன்றுகோலோடு இறுக்கிக் கட்டாதீர்கள்: காற்றில் ஆடி ஆடித்தான் தண்டு தடிக்கும். முதல் கோடையில் தினமும் தெளிப்பதைவிட, வாரம் ஒருமுறை ஆழமாக நனைப்பது நல்லது. மேலாக நனைத்தால் வேரும் மேலாகவே நிற்கும்.

உரம்

வேண்டாம். தழைச்சத்தை, பாக்டீரியா குடியிருக்கும் வேர்முடிச்சு பார்த்துக்கொள்ளும்.

கண்ட நேரத்தில் கவாத்து

பூ உதிர்ந்ததும், காய் பிடிக்கும் முன் வெட்டுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இலையில்லாத பழைய கட்டையில் வெட்டினால் துளிர்ப்பது அரிது. மாதங்கள் கடந்து வெட்டினால் அடுத்த பருவத்து மொட்டும் போய்விடும்.

எந்த ஊரிலும் நடலாம் என்று நினைப்பது

இதன் பட்டையில் தோல் பதனிடும் டானின் மிக அதிகம். அதற்காகவும் மணல்மேடுகளைக் கட்டிவைக்கவும் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இன்று ஆக்கிரமிப்புச் செடி. அதை அடக்க, மொட்டுகளைப் பூக்கவிடாமல் வீங்கிய முடிச்சாக்கும் ஒரு குளவியையும் ஆஸ்திரேலியாவிலிருந்தே கொண்டுவர நேர்ந்தது. விதை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வேறு நாட்டில் நடுமுன் அங்கே தடை உண்டா என்று பாருங்கள்.

காய்ந்ததும் மருந்தடிப்பது

ஆயுளே 15 முதல் 30 வருஷம்தான். கிழச்செடிக்கு மருந்து வாங்குவதைவிட, பக்கத்தில் ஒரு நாற்றை முன்கூட்டியே நட்டுவையுங்கள்.