நெடுந்தூரம் ஓடும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பீரியட்ஸ் நிற்பது ஃபிட்னஸ் அல்ல

வார்ம்-அப், தண்ணீர், ஷூ அளவு பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். சாலையிலும் கிராஸ் கன்ட்ரியிலும் (புல், மேடு, சேறு வழியாக ஓடும் பந்தயம்) பதினைந்து வருடம் ஓட வேண்டிய பெண்கள் மூன்றாம் வருடத்திலேயே காணாமல் போவதற்குக் காரணம் வேறு. போன தலைமுறை செய்த அதே தவறுகளைப் புதிதாக வருகிறவர்களும் அச்சு மாறாமல் செய்வதைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

மாதவிடாய் நின்றால் "நன்றாகத் தயாராகிவிட்டோம்" என்று நினைப்பது

"கடுமையாகப் பயிற்சி செய்தால் பீரியட்ஸ் நிற்கத்தான் செய்யும், அது நல்ல அறிகுறி." இந்த வாக்கியத்தை இன்றும் சொல்கிற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். முழுக்கத் தவறு. ஓட்டத்துக்குச் செலவானது போக உடம்பை நடத்தப் போதிய சக்தி மிஞ்சவில்லை என்றால், மூளை முதலில் இனப்பெருக்க ஹார்மோன்களைக் குறைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் இறங்கினால் எலும்பு தேய்வது கூடும், கட்டுவது குறையும். ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசையைத் தாங்குவது அந்த எலும்புதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எடை 50 கிலோ, கொழுப்பு 15 சதவீதம் என்றால் கொழுப்பில்லாத எடை 42.5 கிலோ. ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ எடைக்குச் சுமார் 1 கலோரி. 15 கிலோமீட்டருக்கு 750. அந்த நாளில் 2,000 கலோரி சாப்பிட்டால் மிச்சம் 1,250. அதை 42.5 ஆல் வகுத்தால், கொழுப்பில்லாத எடையில் ஒரு கிலோவுக்கு மிஞ்சுவது 29.4 கலோரி. விளையாட்டு மருத்துவத்தில் 45 நல்ல நிலை. 30க்குக் கீழே போனால் ஆபத்து. இது ஒரே நாளில் எல்லோருக்கும் உடைந்துபோகிற கோடு அல்ல, ஆனால் வாரக்கணக்கில் அங்கேயே நின்றால் விலை கொடுத்தே ஆகவேண்டும். 45ஐத் தொட இவருக்கு வேண்டியது ஏறக்குறைய 2,660 கலோரி. பட்டினி கிடக்காமல், "ஆரோக்கியமாக" 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கே இந்தப் பள்ளம் விழுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இதில் ஏமாற்றுவது முதல் சில மாதங்கள். எடை குறையும், நேரமும் குறையும், எல்லோரும் பாராட்டுவார்கள். அதன் பிறகு முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில், பாதத்தில், இடுப்பில் வலி தொடங்கும். விரல் நுனியால் அழுத்தினால் ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்தால், தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்க்காமல் எம்.ஆர்.ஐ. எடுங்கள், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. கவட்டையில் வலி, ஒற்றைக் காலில் குதித்தால் கூடுகிறது என்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் இருந்தால், அது முழுதாக உடைந்து அறுவை சிகிச்சை வரை போகும்.

மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றாலும், 15 வயது முடிந்தும் முதல் மாதவிடாய் வரவில்லை என்றாலும் மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பம், தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் ஆகியவற்றை முதலில் சோதிப்பார்கள். கருத்தடை மாத்திரை போட்டு ரத்தப்போக்கு வந்தால் "சரியாகிவிட்டது" என்று நினைக்காதீர்கள். அது மாத்திரையை நிறுத்தும்போது வருவது. உள்ளே இருக்கும் குறையை மூடி மறைக்கும், எலும்பைக் காப்பாற்றாது. மருந்து சாப்பாடுதான்: தினமும் 300 முதல் 600 கலோரி கூடுதலாக, ஓட்டத்துக்கு முன்னும் முடிந்த அரை மணிக்குள்ளும். காலையிலும் மதியமும் குறைத்துவிட்டு இரவில் சேர்த்துச் சாப்பிடுவது அதற்கு ஈடாகாது. மாதவிடாய் சில மாதங்களில் திரும்பலாம். எலும்புக்கு வருடங்கள் ஆகும், முழுதாகத் திரும்பும் என்ற உறுதியும் இல்லை.

பருவ வயதில் நேரம் தேங்கினால் பதறுவது

இடுப்பு விரிகிறது, எடை கூடுகிறது, ஒன்றிரண்டு வருடம் நேரம் நகராது. எடையைக் குறைக்கச் சொல்லி மேலே சொன்ன குழியில் பிள்ளைகளைத் தள்ளுவது இந்த வயதில்தான். பொறுங்கள். பிரிட்டன் ஓட்டக்காரர் பவுலா ராட்கிளிஃப் 1992இல் உலக கிராஸ் கன்ட்ரி ஜூனியர் சாம்பியன். மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் ஓடியது 2003இல், 29 வயதில். ருமேனியாவின் கான்ஸ்டன்டினா டிட்டா 2008 ஒலிம்பிக் மாரத்தானை வென்றபோது வயது 38.

ஹீமோகுளோபின் மட்டும் பார்ப்பது

அது சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம். அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள், 30க்குக் கீழே என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். காய்ச்சல் நேரத்திலும் கடும் பயிற்சிக்கு மறுநாளும் எடுக்காதீர்கள், அளவு பொய்யாக ஏறித் தெரியும். இரும்பு மாத்திரையைக் காலையில் வைட்டமின் சியோடு, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் பலருக்கு வயிறும் தாங்கும், உறிஞ்சுவதும் நன்றாக இருக்கும். டீ, காபி ஒரு மணி நேரம் தள்ளி.

கிராஸ் கன்ட்ரியைக் கடிகாரம் பார்த்து ஓடுவது

சேற்றிலும் மேட்டிலும் கிலோமீட்டர் வேகத்துக்கு அர்த்தமில்லை. மூச்சை வைத்து ஓடுங்கள். மேட்டின் உச்சியில் தளராமல், தாண்டி இருபது காலடி அழுத்தினால் அங்கேதான் இடைவெளி விழும். ஸ்பைக் ஷூவின் அடியில் உள்ள ஆணி காய்ந்த தரைக்கு 6 மில்லிமீட்டர், புல்லுக்கு 9, சேற்றுக்கு 12 அல்லது 15. ஜூனியரில் 6 கிலோமீட்டர் ஓடிப் பழகியவர் சீனியருக்கு வந்தால் உலகப் போட்டியில் 10. 2017 முதல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதே தூரம். அந்த 4 கிலோமீட்டரை ஒரே சீசனில் ஏற்றாதீர்கள்.

பந்தய நாளில் புது எனர்ஜி ஜெல்

வேண்டாம்.

வருடத்துக்கு இரண்டுக்கு மேல் மாரத்தான்

அதுவும் வேண்டாம்.

பிரசவத்துக்குப் பின் அவசரம்

ராட்கிளிஃப் 2007 ஜனவரியில் குழந்தை பெற்று நவம்பரில் நியூயார்க் மாரத்தானை வென்றதை எல்லோரும் சொல்கிறார்கள். சீக்கிரம் ஓடத் தொடங்கி, இடையில் கீழ்முதுகு எலும்பில் அழுத்த முறிவு (ஓட்டத்தின் சுமையால் வரும் விரிசல்) வந்து மாதக்கணக்கில் நின்றதை யாரும் சொல்வதில்லை. குறைந்தது 12 வாரம் பொறுங்கள். பிறகு 30 நிமிட வேக நடை, ஒற்றைக் காலில் 10 குதிப்பு, ஒற்றைக் காலில் குதிகால் 20 முறை தூக்குவது: மூன்றும் வலியில்லாமல் முடிய வேண்டும். சிறுநீர் கசிந்தாலோ அடிவயிற்றில் ஏதோ கீழிறங்குவது போலக் கனத்தாலோ, இடுப்புத்தள பிசியோதெரபிஸ்ட் பார்க்கும் வரை ஓடாதீர்கள்.