முதலில் அதிகாரம், பிறகு செபமாலை

குமரி மாவட்டக் கத்தோலிக்க வீடுகளில் மாலைச் செபம் என்றால் ஐம்பத்து மூன்று மணி செபமாலை, மாதா பிரார்த்தனை, கடைசியில் நேரமிருந்தால் பைபிள். அந்த ‘நேரமிருந்தால்’ தான் வாசிப்பைக் கொல்கிறது. பிரார்த்தனை முடியும்போது சின்னப் பிள்ளை மடியில் தூங்கியிருக்கும், பெரியவர்களுக்கு முட்டு வலிக்கும், அடுக்களை கூப்பிடும். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். சிலுவை அடையாளம் வரைந்ததும் ஓர் அதிகாரம், அதன் பிறகு செபமாலை. காது புதிதாக இருக்கும்போது கேட்டதை மனதுக்குள் அசைபோட ஐம்பது அருள் நிறைந்த மந்திரமும் இடம் தரும்.

நாற்பது வசனத்தை அவசரமில்லாமல் வாசிக்க ஆறேழு நிமிடம், செபமாலைக்கு இருபது நிமிடம். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். விடியுமுன் வள்ளம் இறக்குகிறவரோ ரப்பர் பால் வெட்டப் போகிறவரோ இருக்கும் வீட்டில் இரவு ஏழு மணியைத் தாண்ட விடாதீர்கள். ஆழ்கடலில் தங்கலுக்குப் போகிறவர் கையில், எந்தத் தேதிக்கு எந்த அதிகாரம் என்று எழுதிய தாளின் ஒரு பிரதி இருக்கட்டும். வீட்டில் வாசிக்கும் அதிகாரத்தையே அவரும் படகில் வாசிப்பார்.

தொடக்க நூலில் ஆரம்பிக்க வேண்டாம். ஆபிரகாம், யாக்கோபு, யோசேப்பு வரை கதை இழுத்துப்போகும். விடுதலைப்பயணம் 25ஆம் அதிகாரத்தில் கூடாரத்தின் முழக்கணக்கு வந்ததும் பல வீடுகளில் பைபிள் மூடப்படுகிறது. மாற்கு நற்செய்தியில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான். 14ஆம் அதிகாரத்தில் 72 வசனம் இருப்பதால் அதை 1–31, 32–52, 53–72 என மூன்று மாலைக்குப் பிரித்தால் மொத்தம் 18 நாள். அடுத்து ரூத்து 4, யோனா 4 என்று எட்டு நாள். உயிர்ப்பு ஞாயிறுக்குப் பின் வரும் பாஸ்கா காலத்தில் திருத்தூதர் பணிகளின் 28 அதிகாரங்களை எடுங்கள். அந்த வாரங்களில் திருப்பலியின் முதல் வாசகமும் அதிலிருந்தே வருவதால், வீட்டில் கேட்டது கோயிலில் மறுபடி காதில் விழும். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கலாம்.

டிசம்பரில் லூக்காவை நாளுக்கு ஓர் அதிகாரமாக 24 நாளில் வாசிக்கும் வழக்கம் நல்லதுதான். ஆனால் அப்படியே போனால் இயேசு பிறப்பது 2ஆம் தேதி, உயிர்த்தெழுவது கிறிஸ்மஸுக்கு முந்தைய இரவு என்றாகிவிடும். எனவே 1ஆம் தேதி 3ஆம் அதிகாரத்தில் தொடங்கி 22ஆம் தேதி 24ஆம் அதிகாரத்தை முடியுங்கள். 23ஆம் தேதிக்கு முதல் அதிகாரம், 24ஆம் தேதிக்கு இரண்டாவது. முதல் அதிகாரம் 80 வசனம். நீளம் என்று தோன்றினால் 25, 38, 56 ஆகிய வசனங்களின் முடிவில் நிறுத்தி ஆளுக்கொரு பகுதியாக நான்கு பேர் வாசிக்கலாம். ஓர் எச்சரிக்கை: முதல் நாளிலேயே 3:23 தொடங்கி 38 வரை மூதாதையர் பட்டியல் வருகிறது. அதைப் பிள்ளை கையில் கொடுத்தால் அடுத்த நாள் வாசிக்க வராது. பெரியவர் வாசிக்கட்டும், அல்லது 22ஆம் வசனத்தோடு நிறுத்துங்கள். 3ஆம் தேதி வரை கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குப் போய்வருகிறவர்கள் அந்த நாட்களின் அதிகாரத்தைக் காலையிலேயே வாசித்துவிடலாம்.

நமக்கென்றே ஒரு வரிசை ஜனவரியில் உண்டு. 1741இல் குளச்சல் போருக்குப் பின் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய் எடுத்துச்சொன்ன யோபுவின் வரலாறுதான் நட்டாலத்து நீலகண்ட பிள்ளையின் மனதைத் திருப்பியது என்று சொல்லப்படுகிறது. அவரே புனித தேவசகாயம். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் உயிர் கொடுத்தார். யோபு நூல் 42 அதிகாரம். இடையில் நண்பர்களின் வாதம் பிள்ளைகளுக்குக் கடினம். 1, 2, 3, பிறகு 38 முதல் 42 வரை என்று எட்டு அதிகாரத்தை மட்டும் எடுத்து 7ஆம் தேதி தொடங்கினால், சரியாக 14ஆம் தேதி, அவருடைய திருநாளில் முடியும்.

வாசிக்கும் முறைக்கு வருவோம். நாளைய பகுதியை இன்றே ஒருவருக்கு ஒதுக்குங்கள். அவர் பகலில் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்தாக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. வசன எண்ணையும் இடையில் வரும் தலைப்புகளையும் வாசிக்க வேண்டாம். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், பாதியில் மூச்சு விட்டுக் குரலை இறக்கினால் யார் என்ன செய்தார் என்பதே கேட்பவருக்குத் தெரியாது. வினை வரும்வரை குரல் தாழக் கூடாது. ழகரத்தைக் கவனியுங்கள். மாற்கு 13இல் ‘விழிப்பாயிருங்கள்’ என்பதை ‘விளிப்பாயிருங்கள்’ என்று வாசித்தால், நம் ஊர் வழக்கில் கூப்பிடுவது என்று பொருள் மாறிவிடும். தவறினால் நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். செபம் முடிந்து, பிள்ளை தோத்திரம் சொல்லி நெற்றியில் சிலுவை வாங்கிய பிறகு மெதுவாகச் சொன்னால் போதும்.

முடிந்ததும் பத்து விநாடி மௌனம். விளக்கம் சொல்லத் தொடங்கினால் அது பிரசங்கமாகிவிடும். ‘எந்த வார்த்தை காதில் நின்றது?’ என்று ஒரே கேள்வி, விருப்பமுள்ளவர் பதில் சொல்லட்டும். அதன் பிறகு செபமாலை, அந்த நாளில் தியானிக்க வேண்டிய மறையுண்மைகளோடு (இயேசு, மாதா வாழ்வின் நிகழ்வுகள்): திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் 2002இல் சேர்க்கப்பட்ட ஒளி. மகிழ்ச்சியின் ஐந்தும் லூக்காவின் முதல் இரண்டு அதிகாரத்திலேயே இருப்பதால், அந்த நாட்களில் செபமாலையின் ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் முன் இரண்டு வசனம் வாசிப்பது எளிது.

ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாகச் சேர்த்து வாசிக்காதீர்கள். கடன் ஏறி, மூன்றாம் நாள் எல்லாமே நின்றுபோகும். தேதிக்குரியதையே வாசியுங்கள். விருந்தாளி வந்த நாளிலும் உடல் முடியாத நாளிலும், நீதிமொழிகளில் தேதி எண்ணுள்ள அதிகாரத்தில் ஐந்து வசனம் போதும். அதில் 31 அதிகாரம் இருப்பது நமக்கு வசதி.

புத்தகத்தைப் பார்த்துக்கொள்வதும் இதில் சேர்த்தி. இங்கே இரண்டு பருவமழையும் உப்புக்காற்றும் உண்டு, பைபிள் தாளோ மெல்லியது. சுவரோடு ஒட்டிய தட்டில் வைத்தால் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும், நான்கு விரல் இடைவெளி விடுங்கள். ஈரமானதை வெயிலில் காய வைத்தால் தாள் மஞ்சளித்துச் சுருளும், நிழலில் விரித்துக் காற்றுப் படவிடுங்கள். பூச்சிக்கு வேப்பிலை வைப்பதென்றால் நன்றாகக் காய்ந்தது மட்டும். மெழுகு சொட்டினால் உடனே துடைக்காமல், இறுகியதும் சுரண்டி, மேலும் கீழும் வெள்ளைத்தாள் வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியால் ஒற்றுங்கள்.

செபம் முடிந்த கையோடு டிவியைப் போடாமல் இருபது நிமிடம் ஆளுக்கொரு புத்தகம் எடுக்க முடிந்தால் பெரிய காரியம். புனிதர் வரலாறாகவே இருக்க வேண்டியதில்லை. நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்திலிருந்து எடுத்த கதைப்புத்தகமும் சரிதான். சூசையப்பர் மாதமான மார்ச்சில் மட்டும், ஞாயிறுதோறும் தேம்பாவணியில் ஒரு பாட்டை உரையோடு வாசித்துப் பாருங்கள். 3,615 பாட்டையும் முடிப்பது நோக்கமல்ல. வீரமாமுனிவர் சூசையப்பரை ‘வளன்’ என்று அழைத்தார் என்பதை, அந்தப் பெயர் வைத்த பிள்ளை வீட்டில் இருந்தால், அவனே வாசித்துக் கண்டுபிடிக்கட்டும்.